இல்லாத மயிரும் உள்ள துன்பமும்

ஈஜிபுராவில் நம் சங்கத்தார் கூடும் மாடியறையில், சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, உபாசிகை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் அன்று கூறிய விடை தவறானது. அவ்விடையைத் திருத்திக் கொள்வதற்காகவே இதனை எழுதுகிறேன். அன்பர்கள் பலர் அன்று உடனிருந்து, என் விடையைக் கேட்டுத் தலையசைத்தார்கள். ஆதலின் அவர்களும் இதனைப் படித்தல் வேண்டும்.

அச்சகோதரி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் துணி சோதிப்பவர். தைத்து முடிந்த சட்டைகளை விளக்கின்கீழ் விரித்து, கழுத்துப்பட்டையிலும் கைப்பட்டியிலும் தையல் தப்பியிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, வேற்று நூல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பழுதுள்ள இடத்தில் அடையாளம் வைப்பது அவர் வேலை. அவருடைய இடக்கண்ணின் விழித்திரையில் ஒரு கிழிசல் கண்டு, மருத்துவர் லேசர் ஒளியினால் அதனைச் சுற்றி அடைத்திருந்தார். சிகிச்சை நடந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தது. அவர் கேட்டது இதுதான்:

“அண்ணா, கண் நன்றாக ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கோ மயிர்போல ஒன்று மிதந்துகொண்டே இருக்கிறது. இருட்டில் ஓரத்திலே மின்னல் வெட்டுகிறது. பொய் சொல்கிறவர் அவரா, நானா?”

நான் சொன்னேன்: “எல்லாம் அநித்தியம், அம்மா. பொருட்படுத்தாதே. உடம்பில் தைத்தது ஓர் அம்பு. அதை எண்ணி எண்ணி மனத்தில் நீயே தைத்துக்கொள்வது இரண்டாவது அம்பு.” சம்யுத்த நிகாயத்தில் உள்ள அம்புச் சுத்தத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆறிப்போகுமுன் தேநீரைக் குடிக்கச் சென்றுவிட்டேன்.

அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. கூறாததை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். மேடையில் நிற்பவர்களுக்கு இந்நோய் எளிதில் பற்றும்.

நிற்க. கேள்வியை ஆராயுமுன் கண்ணில் நடப்பது யாது என்று அறிதல் வேண்டும். கண்ணுருண்டையின் உட்புறம் பெரும்பகுதி, முட்டையின் வெள்ளைக் கருவைப் போன்ற தெளிந்த கூழினால் நிறைந்தது. இதனை விழிக்கூழ் என்போம். அதன் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏடே விழித்திரை. ஒளியை உணர்வது அத்திரைதான். இளமையில் கூழ் கெட்டியாய்த் திரையோடு ஒட்டி நிற்கும். வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கும். ஐம்பதைக் கடந்தவர்களிற் பலருக்கு அது ஒருநாள் திரையினின்றும் கழன்று முன்னே வந்துவிடும். கிட்டப்பார்வை மிகுந்தவர்களுக்கு இது முன்னதாகவே நேரும். பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. சிலருக்கு மட்டும், கூழ் எங்கேனும் இறுகப் பற்றியிருந்த இடத்தில், கழலும்போது திரையையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறது. அக்கிழிசலின் வழியே நீர் புகுந்தால், ஈரம் ஏறிய சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோலத் திரை உரிந்து போகும். உரிந்த திரை பார்க்காது.

இவ்வாறு திரை உரிவதற்குக் கிழிசலே காரணம் என்பதையும், கிழிசலை அடைத்தால் கண் பிழைக்கும் என்பதையும் 1920களில் நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கொனேன். அதற்குமுன் திரை உரிந்தவர்களிற் பெரும்பாலோர் பார்வை இழந்தே போயினர். பின்னர் 1940களின் பிற்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் மையர்-ஷ்விக்கராத் சூரிய ஒளியையே குவித்துத் திரையில் செலுத்திச் சூட்டுத் தழும்பு உண்டாக்கினார். சூரியனை வெறித்துப் பார்த்தவனின் கண் கெடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அக்கெடுதலையே மருந்தாக்கினார் அவர். 1960இல் லேசர் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அது கண் மருத்துவத்துள் புகுந்தது.

இங்கே நன்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. லேசர் கிழிசலைத் தைத்து மூடுவதில்லை. கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சிறு சூடுகள் வைக்கிறது. ஏறத்தாழ இரு வாரத்தில் அவை தழும்பாகித் திரையைச் சுவரோடு இறுகப் பிணைக்கின்றன. கிழிந்த வயலைச் சுற்றி வரப்பு போடுவதைப் போன்றது அது. நீர் வரப்பைத் தாண்டாது. ஆனால் கூழை லேசர் தொடவே இல்லை. கூழில் திரண்ட நார்களும், கிழிந்தபோது சிந்திய குருதித் துகளும் அங்கேயே மிதக்கின்றன. அவற்றின் நிழல் திரையில் விழுகிறது. அந்நிழலே மயிர், கொசு, சிலந்திவலை, புகை என்று தோன்றுவது. கூழ் இன்னும் முழுதும் கழலாமல் ஓரிடத்தில் பற்றி இழுத்துக்கொண்டிருந்தால், இழுக்குந்தோறும் மின்னல் தெரியும். சிலருக்கு இது சில வாரங்களிலும், சிலருக்குப் பல மாதங்களிலும் அடங்கும். மயிர்களோ சில மங்கும், சில கீழே இறங்கும், சில வாழ்நாள் முழுதும் கூட வரும்.

மின்னலைப் பற்றி ஒரு சொல். விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்கு வலியை உணரும் நரம்பு இல்லை. கையை இழுத்தால் கை நோகிறது. திரையை இழுத்தால் திரை ஒளியைக் காட்டுகிறது. அதற்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். துன்பம் வந்தாலும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்லும். இதனை நான் அறிந்த நாள்முதல், நம் குடும்பங்களில் பேசத் தெரியாத முதியோர் சிலர் வலியைக் கோபமாகவே சொல்வதை வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினேன். அது வேறு பொருள், விட்டுவிடுகிறேன்.

ஆகவே “பொய் சொல்கிறவர் யார்” என்ற வினாவுக்கு விடை என்ன? இவ்வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. சுசுருதர் தம் நூலின் உத்தர தந்திரத்தில் திமிரம் என்னும் கண்ணோயைக் கூறுமிடத்து, அந்நோயாளி ஈயும் கொசுவும் மயிரும் வலையும் காண்பான் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பௌத்த தர்க்க ஆசிரியர்கள் இந்நோயாளியை விடாது பிடித்துக்கொண்டார்கள். காஞ்சியை அடுத்துப் பிறந்தவர் என்று சொல்லப்படும் நம் தின்னாகர், போலிக் காட்சிக்கு இத்திமிரத்தை எடுத்துக்காட்டினார். அவர் வழிவந்த தர்மகீர்த்தி, திமிரமும் கொள்ளிவட்டம் போன்ற விரைந்த சுழற்சியும் ஓடத்தில் செல்லுதலும் காட்சியைப் பிறழச் செய்யும் என்றார். வசுபந்து, இல்லாத மயிரைத் திமிரன் காண்பது போலவே நாம் உலகைக் காண்கிறோம் என்று தம் விம்சதிகையைத் தொடங்கினார்.

வசுபந்துவின் கல்வி கடல். நானோ பஞ்சாலையில் நூற்றவன். ஆயினும் இவ்விடத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. திமிரன் காணும் மயிர் வெறும் இன்மையினின்று தோன்றவில்லை. சட்டையின்மேல் மயிர் இல்லை. ஆனால் கண்ணுக்குள் நார் இருக்கிறது. அதற்கு நிழல் இருக்கிறது. மருத்துவர் தம் விளக்கினால் நோக்கினால் அந்நாரைக் காணவும் கூடும். அவர் சொல்வது ‘திரை நன்றாக ஒட்டியிருக்கிறது’ என்பது. அது மெய். சகோதரி சொல்வது ‘மயிர் தெரிகிறது’ என்பது. அதுவும் மெய். ஒருவர் சுவரைப் பற்றிப் பேசுகிறார்; மற்றவர் அறையில் பறக்கும் தூசியைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் பொய்யரல்லர். ‘ஆகவே உனக்கு ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொல்லாததை நான் சொன்னேனே, அதுதான் பொய். ‘ஆகவே எனக்குப் பார்வை போய்விடும்’ என்று இரவில் அவர் மனம் அவருக்குச் சொல்லியதே, அதுவும் பொய்.

மணிமேகலை காட்டும் பன்னிரு சார்பில் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை என்று வரிசை வருகிறது. கண்ணாகிய வாயிலில் நிழலாகிய ஊறு நிகழ்ந்தால் நுகர்வு எழுந்தே தீரும். அதனைத் தடுக்க எவராலும் ஆகாது. நம் முயற்சிக்கு இடமுள்ளது நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள இடத்தில்தான். நானோ நுகர்வையே இல்லையென்று சொல்லும்படி அவரை ஏவினேன். பகவன் அம்புச் சுத்தத்தில் முதல் அம்பு நோகாது என்று சொல்லவில்லை. கற்றறிந்த சீடனுக்கும் அது தைக்கும் என்றே சொன்னார். முதல் அம்பையும் பிடுங்காமல், ‘இரண்டாவதை எண்ணாதே’ என்பது உபதேசமன்று. அது தேநீர் ஆறுகிறதே என்ற அவசரம்.

இனி என் கதை. சென்ற கார்த்திகையில் ஒருநாள் விடியுமுன் விளக்கேற்றாமல் அமர்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கண்கள் மூடியிருந்தன. வலப்புறத்து ஓரத்தில் வெள்ளி வில்லைப் போன்ற ஓர் ஒளி வளைந்து மறைந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வந்தது. காஞ்சியிலும் தங்கியிருந்த புத்தகோஷ ஆசிரியர் தம் விசுத்தி மார்க்கத்தில், மூச்சைக் கவனிப்போர்க்கு மனம் ஒருமைப்படுங்கால் விண்மீன் போலவும், மணிக்குவியல் போலவும், பஞ்சு போலவும் ஓர் அடையாளம் தோன்றும் என்று எழுதியுள்ளார். இருபது ஆண்டுகளாக அவ்விடத்தை நான் பலமுறை பிறர்க்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அன்று என் நெஞ்சு என்ன சொல்லியிருக்கும் என்று அன்பர்கள் ஊகித்துக் கொள்ளலாம். அன்றே பகலில் வெண்சுவரைப் பார்த்தபோது கரும்புள்ளிகள் சில மிதந்தன. அவற்றை முதுமை என்று தள்ளினேன். ஒளியை மட்டும் தியானம் என்று வைத்துக்கொண்டேன். ஒரே கண்ணில், ஒரே நாளில் வந்த இரண்டில் பிடித்ததை ஞானம் என்றும் பிடிக்காததை வயது என்றும் பிரித்த கெட்டிக்காரத்தனத்தை என்னவென்பது!

மூன்று நாள் இவ்வாறு கழிந்தது. நான்காம் நாள் சங்கத்து அறையில் இரண்டொருவரிடம் அடக்கமாகப் பேசுவதுபோல் பேசி, அவ்வொளியைக் குறிப்பிட்டேன். அச்சகோதரி ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்திவிட்டு, “எந்தப் பக்கம், அண்ணா? கண்ணை அசைத்தால் வருகிறதா? புள்ளிகளும் இருக்கின்றனவா?” என்று வரிசையாகக் கேட்டார். நான் ஆம் என்றேன். “அது தியானம் இல்லை, அண்ணா. நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே போங்கள்” என்றார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் மறுப்பதற்கு இடமுமில்லை. சங்கத்து இளைஞர் ஒருவர் தம் ஆட்டோவில் என்னை அழைத்துச் சென்றார்.

மருத்துவர் கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்திட்டு, நெற்றி விளக்கினால் நெடுநேரம் பார்த்தார். வலக்கண்ணின் மேற்பகுதியில் குதிரை லாடத்தைப் போல் வளைந்த ஒரு கிழிசல் இருந்தது. நீர் இன்னும் புகத் தொடங்கவில்லை. அன்று மாலையே லேசர் வைத்தார்கள். பச்சை மின்னல்கள் அடுக்கடுக்காய் வந்தன, சில சுருக்கென்றன. முடிந்ததும் சிறிது நேரம் அக்கண்ணில் உலகம் இருண்டு, பின் செந்நீல நிறமாகி, மெல்லத் தெளிந்தது. இன்னும் சில நாள் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. இப்போது வந்துவிட்டீர்களே என்றார்.

நம் நூல்களைக் குறைகூறுவதற்கு இதனைச் சொல்லவில்லை. அதே விசுத்தி மார்க்கம், விபசனை செய்வோர்க்கு நேரும் பத்து மாசுகளை எண்ணுமிடத்து, ஒளியையே முதலாவதாக வைத்திருக்கிறது. ஒளி கண்டவன் வழி முடிந்தது என்று மயங்குவான் என்று எச்சரிக்கிறது. அப்பக்கத்தையும் நான் படித்திருக்கிறேன். பிறர்க்குப் படித்துக் காட்டியதில்லை.

மீண்டு வந்த எனக்கும் மயிர் மிதந்தது. என்னுடையது மயிரன்று, ஆலையில் ரிங் பிரேமுக்கு மேலே எப்போதும் பறந்துகொண்டிருக்கும் பஞ்சுத் துகளைப் போன்றது. அங்கே பறந்தது மார்பில் புகுந்து இருமலாயிற்று. இங்கே பறப்பது கண்ணில். முதல் வாரத்தில் அதனை விரட்டப் பார்த்தேன். கண்ணை அசைத்தால் அதுவும் சுழன்றது. நின்றால் மெல்ல இறங்கியது. பிடிக்கப் போனால் விலகியது. அப்போதுதான் அச்சகோதரிக்குச் சொன்ன ‘பொருட்படுத்தாதே’ என்ற சொல் எவ்வளவு வெறுமையானது என்று கண்டேன். பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும் என்று பொருட்படுத்திக்கொண்டே இருந்தேன். ‘இது இல்லாமற் போக வேண்டும்’ என்பதும் ஒரு வேட்கையே என்று பகவன் முதற் பேருரையிலேயே கூறியிருக்கிறார். இன்ப வேட்கை, இருத்தல் வேட்கை என்பவற்றோடு இல்லாமை வேட்கையையும் மூன்றாவதாக எண்ணினார் அல்லவா? அம்மூன்றாவதைத்தான் நான் அச்சகோதரிக்கு மருந்து என்று கொடுத்திருக்கிறேன்.

இடையில் ஒரு பேச்சு வந்தது; அதற்கு விடை சொல்லாமல் இருக்க முடியாது. அச்சகோதரியின் மாமியார், “எந்தப் பிறவியில் எவர் கண்ணைக் குத்தினாளோ” என்று சொன்னாராம். நம் வீடுகளில் இச்சொல் இன்னும் வாழ்கிறது. அதற்கு ஆதாரமாக நம் நூலையே காட்டுவாரும் உளர். தம்மபதத்தின் முதற் பாட்டுக்கு உரைகாரர் சொல்லும் கதையில், சக்குபாலர் என்னும் தேரர் பார்வை இழக்கிறார். முற்பிறவியில் அவர் மருத்துவராய் இருந்து, கூலி தராமல் ஏய்த்த ஒரு பெண்ணின் கண்ணைக் கெடுத்தவர் என்று அக்கதை முடிகிறது. அது உரைகாரர் சேர்த்த கதை. பாட்டில் கண்ணும் இல்லை, மருத்துவரும் இல்லை. மனமே யாவற்றிற்கும் முன்செல்வது என்பதுதான் பாட்டின் பொருள்.

பகவன் தாமே இதுபற்றி வினவப்பட்ட இடம் ஒன்று சம்யுத்த நிகாயத்தில் உண்டு. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் வந்து, மனிதன் அடையும் இன்பதுன்பமெல்லாம் முன்செய்ததனால் என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் யாது கூறுகிறீர் என்று கேட்டான். பித்தத்தால் வரும் நோவு உண்டு, கோழையால் வரும் நோவு உண்டு, வாயுவால், மூன்றும் கலந்ததால், பருவ மாற்றத்தால், பிழைபட்ட பேணுதலால், பிறர் தாக்கியதால் வருவன உண்டு, வினைப்பயனால் வருவதும் உண்டு என்று எட்டாகப் பிரித்து, எல்லாவற்றையும் முன்வினையின் தலையில் ஏற்றுவோர் தாமே அறியக் கூடியதையும் உலகம் மெய்யென ஒப்பியதையும் மீறிப் போகிறார்கள் என்று பகவன் விடையளித்தார்.

நமக்கு இது வெறும் தத்துவ நுட்பம் அன்று. சேற்றில் உழைத்தவனைப் பார்த்து ‘நீ முற்பிறவியில் செய்தது’ என்று சொல்லியே அவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவியதும், பேராசிரியர் லட்சுமி நரசு பகுத்தறிவின்வழி பௌத்தத்தை எழுதியதும், பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தீட்சை ஏற்றதும் அச்சொல்லை விட்டு வெளியேறவே. 2013 ஜனவரியில் இதே ஈஜிபுராவில் ஏழைகளின் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். அப்போதும் வீதியில் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, ‘என்ன பாவம் செய்தோமோ’ என்று அழுததை நான் கேட்டேன். இடித்தது இயந்திரம். அதனை அனுப்பியது காகிதம். கண்ணைக் கிழித்தது சுருங்கிய கூழ். விட்டுவந்த வீட்டுக்குள் ஒரு கண்ணோய்க்காக மீண்டும் நுழைய வேண்டியதில்லை. மாமியாரிடம் இவற்றையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் ஒருநாள் கண் பரிசோதனை செய்து வைத்தால் போதும்.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறேன். மருத்துவர் என்னிடம் இரண்டு சொன்னார். மிதப்பவற்றைக் கவனியாதீர்கள் என்றார். புதிதாய்ப் புள்ளிகள் மழைபோல் பெய்தால், மின்னல் மிகுந்தால், ஓரத்திலிருந்து திரைச்சீலைபோல் நிழல் இறங்கினால், அந்த நாழிகையே ஓடி வாருங்கள் என்றார். ஏனெனில் கூழ் மேலும் கழலும்போது வேறிடத்தில் புதுக் கிழிசல் விழலாம். கவனியாமலும் இருக்க வேண்டும், காத்துக்கொண்டும் இருக்க வேண்டும். இஃது எவ்வாறு கூடும்? உபேட்சையும் அப்பமாதமும் ஒரே நெஞ்சில் எவ்வாறு இருக்கும் என்ற பழைய வினாவே இது. அந்தணர் நூலிலும் துறவியர் நூலிலும் இதற்கு நான் விடை தேடினேன். விடை நான் வேலை செய்த ஆலையிலேயே இருந்தது.

ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் ஓசை புதிதாய் வந்தவனைச் செவிடாக்கும். ஒரு திங்களில் அவ்வோசை அவனுக்குக் கேட்பதில்லை. ஆனால் ஒரு கதிர் மாறி ஓடினால், பட்டை ஒன்று தளர்ந்தால், அவன் மறுபக்கம் திரும்பி நின்றாலும் தலை தானே திரும்பும். ஓசையை அவன் வெறுக்கவில்லை, விரட்டவில்லை, இல்லையென்று சொல்லிக்கொள்ளவுமில்லை. முழுதும் அறிந்துகொண்டான்; அறிந்ததனால் விட்டான்; விட்டதனால் மாற்றத்தை மட்டும் கேட்டான். அறியாததை விடுவது அசட்டை. அறிந்ததை விடுவதே உபேட்சை. இரண்டுக்கும் வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒரு நூல் அறுந்தால் தெரியும்.

ஆதலின் இப்போது காலையில் ஒருமுறை, ஒரு கண்ணை மூடி மற்றதால், பின் அதை மூடி இதனால், வெண்சுவரைப் பார்க்கிறேன். நேற்று இருந்தவை இருக்கின்றனவா, புதியன உண்டா, ஓரங்கள் தெளிவா என்று நோக்குகிறேன். பின் அந்நாளுக்கு அதனை விட்டுவிடுகிறேன். முதலிற் பகலில் நூறு முறை பார்த்தேன். இப்போது ஒரு முறையும் மறக்கிற நாள் உண்டு, அது நல்லதன்று.

மறப்பு தானாகவே வரும். அதற்கு ஆணையிட முடியாது. நம் விழித்திரையின்மேல் குருதி நாளங்கள் மரக்கிளைபோல் படர்ந்துள்ளன. அவற்றின் நிழல் பிறந்தது முதல் திரையில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒருவரும் அதைக் காண்பதில்லை. ஒரு சிறு விளக்கைக் கண்ணோரத்தில் அசைத்தால் அக்கிளைகள் திடீரெனத் தோன்றும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே எடுத்துக்காட்டினார். அசையாததை மனம் தள்ளிவிடுகிறது. மிதக்கும் நார் அசைவதால் தள்ளுவதற்கு நாளாகிறது. விழிக்கூழையே எடுத்துவிடும் அறுவையும் உண்டு. ஆனால் அதில் கண்புரை வளரவும் புதிதாய்த் திரை கிழியவும் வழியுண்டு என்பதால், தாங்கமுடியாத அளவுக்கு மறைப்பவர்க்கே அதனைச் செய்கிறார்கள்.

அச்சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், தம்முடைய உண்மையான இடரைச் சொன்னார். வெள்ளைச் சட்டைகளில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் அது துணியிலா கண்ணிலா என்று அறிய வேண்டும். கண்ணைச் சற்று அசைத்து நோக்குவாராம். கூடவே அசைந்தால் தம்முடையது, நின்றால் சட்டையினுடையது. பழங்காலத்துச் சந்திரகீர்த்தி ஆசிரியர், திமிரன் காணும் மயிரை நற்கண்ணன் ‘இல்லை’ என்று சொன்னால், திமிரன் அது பொய் என்று மட்டும் அறிவானே தவிர, மயிர் தெரியாமற் போகாது என்று நுட்பமாய் எழுதினார். இவரோ நற்கண்ணன் எவரையும் எதிர்பாராமல் தாமே சோதித்து அறிகிறார். ஆனால் ஒரு சட்டைக்கு இவ்வாறு சில நொடி மிகுதியாகிறது. நாளுக்கு நூற்றுக்கணக்கான சட்டைகள். எண்ணிக்கை குறைந்தது. மேற்பார்வையாளரிடம் நிறத்துணி வரிசைக்கு மாற்றக் கேட்டார். கண் நன்றாயிருக்கிறது என்று உன் சீட்டே சொல்கிறதே என்று திருப்பிவிட்டார்கள்.

டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். “கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய் இன்னும் குறை சொல்லலாமா, அண்ணா? நன்றி கெட்டவள் என்று நினைக்கமாட்டாரா?”

இதற்கு மட்டும் நான் நூலைத் திறந்தேன். விநய பிடகத்தின் மகாவக்கத்தில், பணிவிடை செய்வதற்கு எளிதான நோயாளி எவன் என்று பகவன் ஐந்து குணங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று, நோய் கூடினால் கூடுகிறது என்றும், குறைந்தால் குறைகிறது என்றும், நின்றால் நிற்கிறது என்றும், தன் நலம் நாடுகிற பணிவிடையாளனிடம் உள்ளது உள்ளபடி சொல்லுதல். வாய் திறவாத நோயாளியைப் பகவன் பொறுமைசாலி என்று புகழவில்லை. பணிவிடைக்குக் கடினமானவன் என்று வைத்தார். நன்றி என்பது மருத்துவரிடம் மெய்யை மறைப்பது அன்று. அவர் பார்த்தது திரையை. பார்க்காதது வெள்ளைச் சட்டையை. அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளியே.

அடுத்த தவணையில் சங்கத்துப் பெண்மணி ஒருவர் உடன்சென்றார். மருத்துவர் நான்கு நிமிடம் கேட்டார். திரை உறுதியாக உள்ளது, விழிக்கூழில் மிதப்பவை எஞ்சியுள்ளன, வெண்மையான பரப்பில் நுண்ணிய சோதனை செய்வது இவர்க்குக் கடினம் என்று சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் இழுத்தடித்தபின் நீலத்துணி வரிசைக்கு மாற்றினார்கள். நீலத்தில் மயிர் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது, தேடினால்தான் என்றார்.

சென்ற பௌர்ணமியன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவர் இன்னொரு கேள்வி கேட்டார்.

“அண்ணா, உங்களுக்குப் பல வருஷம் முன்னால், ஆலை மூடின சமயத்தில், தியானத்தில் ஓர் ஒளி தெரிந்தது என்று மேடையில் சொல்வீர்களே. அது?”

நான் படியில் நின்றுவிட்டேன். அவ்வொளியைச் சொல்லித்தான் நம் சங்கத்துக்கு எத்தனையோ பேரை அழைத்து வந்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. இரண்டு நாள் உண்ணாதிருந்தேன். கண்ணைச் சோதித்தவர் எவருமில்லை.

தெரியாது, அம்மா என்றேன். அதன்பின் நடந்த மூன்று கூட்டங்களில் அதனை நான் சொல்லவில்லை.